ஜெயித்த பிறகுதான் சண்டை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசனின் முதல் ஆட்டத்தை ஜெயித்தால் மட்டும் போதாது. எப்படி ஜெயித்தார்கள் என்று ரசிகர்கள் டிசம்பர் வரை வாதாட வேண்டும். தீர்ப்புச் சொல்பவர்கள் ஒரு டஜன் சொச்சம் பேர்.

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. ஒஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில், 1922-ல் திறக்கப்பட்ட லாட வடிவ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூட்டம். எதிரணியான டெக்ஸஸ் பல்கலைக்கழகம், சீசன் துவங்கும் முன்பே பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் நாட்டின் நம்பர் ஒன் அணி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஒஹையோ ஸ்டேட் அதை 14-7 என்று வீழ்த்தியது. பகல் 12 மணிக்குத் துவங்கிய ஆட்டம் அது. பொழுது சாய்வதற்குள் ஜெயித்த ஊரிலேயே புகார்கள் கிளம்பிவிட்டன.

புகார்களுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. தோற்ற டெக்ஸஸ் ஆட்டம் முழுவதும் 336 கஜம் முன்னேறியிருந்தது. ஜெயித்த ஒஹையோ ஸ்டேட் வெறும் 203 கஜம். ஓர் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. நான்காவது வாய்ப்பு வரும்போது பந்தை உதைத்து அனுப்பிவிடுவது பாதுகாப்பான வழி. டெக்ஸஸோ ஐந்து முறை துணிந்து முயன்று ஒரு முறைதான் வென்றது. ‘அந்த ஐந்தில் இரண்டு பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்பது ஒரு கட்சி. ‘பலிக்காமல் தடுத்தது யார்? நம் பையன்கள்தானே’ என்பது எதிர்க்கட்சி.

கோச் ரையன் டே விஷயத்திலும் கட்சி பிரிந்தது. அவருடைய குவார்ட்டர்பேக் ஜூலியன் சாயினுக்கு இதுதான் முதல் முழுப் பொறுப்பு ஆட்டம். பந்தை எறிவதா, ஓடவிடுவதா என்று முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக்தான். டே அந்த இளைஞரை ஆபத்தில்லாத சின்னச் சின்ன எறிதல்களோடு நிறுத்திக்கொண்டார். கடைசிக் கால்பகுதியில் கார்னெல் டேட்டுக்கு எறிந்த 40 கஜப் பந்துதான் விதிவிலக்கு. அது டச்டவுன் ஆனது. ‘அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு டே புதியவர் அல்ல. 2024 நவம்பரில் பரம எதிரி மிச்சிகனிடம் 13-10 என்று, தொடர்ச்சியாக நான்காம் ஆண்டாகத் தோற்றபோது, அவரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்கள்தான் அவர்கள். ஏழு வாரம் கழித்து அதே டே தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார். கூச்சல் அடங்கியது. ஆனால் ஏழு மாதத்துக்குத்தான்.

இந்தியாவில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கால்பந்து என்று பெயர்தானே தவிர, முட்டை வடிவப் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கல்லூரிகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகளுக்கு என்று வாரத்தையே பங்கு போட்டிருக்கிறார்கள். ‘கல்லூரி அணி’ என்றதும் மரத்தடி மைதானமும் நாற்பது பார்வையாளர்களும் நினைவுக்கு வருவது நம் பழக்கதோஷம். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். காலையிலேயே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிச் சாப்பிட்டு, பாட்டனார் காலத்து அணிப்பாட்டைப் பாடிக்கொண்டு உள்ளே போகிற குடும்பங்கள் அங்கே ஏராளம். பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லாத அலபாமா போன்ற மாநிலங்களில் சமயத்துக்கு அடுத்தபடி இதுதான்.

சரி, ஜெயித்த பிறகு என்ன வாதம்? அங்கேதான் இந்த ஆட்டத்தின் விசித்திரம் இருக்கிறது. முதல் பிரிவில் 2025-ல் 136 அணிகள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எனவே புள்ளிப் பட்டியலைப் பார்த்து யார் பெரியவர் என்று சொல்லிவிட முடியாது. யாராவது உட்கார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். 1936 முதல் ஏ.பி. செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கித் தரவரிசை போடுகிறது. பிறகு கோச்சுகளும் வாக்களிக்க ஆரம்பித்தார்கள். 1997-ல் பத்திரிகையாளர்கள் மிச்சிகனையும் கோச்சுகள் நெப்ராஸ்காவையும் சாம்பியன் என்றார்கள். இரு அணிகளும் மோதவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சமாதானமாகவில்லை.

2014-ல் நான்கு அணிகள் மோதும் பிளே ஆஃப் வந்தது. 2024-ல் அது பன்னிரண்டு அணிகளானது. சில சாம்பியன்களுக்கு நேரடி இடம் உண்டு. மீதி இடங்களை நிரப்புவது ஒரு தேர்வுக் குழு. குழு பார்ப்பது வெற்றியை மட்டுமல்ல, வெற்றியின் லட்சணத்தையும். 2014 டிசம்பரில் டி.சி.யூ. அணி மூன்றாம் இடத்தில் இருந்துகொண்டு கடைசி ஆட்டத்தை 55-3 என்று ஜெயித்தது. மறுநாள் அதற்குக் கிடைத்தது ஆறாம் இடம். நான்காவது இடம் போனது அதே நாளில் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கிய ஒஹையோ ஸ்டேட்டுக்கு. வாங்கிய வாய்ப்பில் அது கோப்பையையே வென்றது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டும் ஒஹையோ ஸ்டேட் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத் திட்டு வாங்கியது. கடற்படை அகாடமி அணியிடம் பாதி ஆட்டத்தில் 7-6 என்று பின்தங்கி, பிறகு 34-17 என்று தேறியது. எதிரணியை 370 கஜம் ஓடவிட்டிருந்தது. இந்த அணி தேறாது என்றவர்களுக்கு அடுத்த வாரமே வர்ஜினியா டெக்கிடம் தோற்று நிரூபணமும் கொடுத்தது. ஜனவரியில் சாம்பியன்.

இதைவிடக் கொடுமை 2023-ல் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு நேர்ந்தது. எல்.எஸ்.யூ. அணியை 45-24 என்று வென்று சீசனைத் துவக்கி, 13 ஆட்டங்களில் 13-ஐயும் ஜெயித்தார்கள். ஆனால் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் நவம்பரில் முறிந்துவிட்டது. அவர் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று சொல்லி, தலா ஓர் ஆட்டம் தோற்றிருந்த டெக்ஸஸையும் அலபாமாவையும் குழு உள்ளே விட்டது. ஒன்றுகூடத் தோற்காத அணிக்குக் கதவு சாத்தப்பட்டது. ஆட்டம் மைதானத்தில்தான் தீர்மானமாகிறது என்று நம்புகிறவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் ரசிகர்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். நம் அணியின் வெற்றியைக் குறுக்குவிசாரணை செய்ய யாரோ இருக்கிறார்கள். அதற்குமுன் நாமே செய்து பார்த்துவிட வேண்டும்.

அந்த ஃபுளோரிடா ஸ்டேட் அடுத்த ஆண்டு பத்து ஆட்டம் தோற்று இரண்டை மட்டும் ஜெயித்தது. ஆகவே 2025 ஆகஸ்ட் 30 அன்று, கொலம்பஸ் முனகிக்கொண்டிருந்த அதே நாளில், டல்லஹாசியில் நடந்ததை அந்த ஊர் எளிதில் மறக்காது. எதிரணி அலபாமா. 2001-க்குப் பிறகு முதல் ஆட்டத்தில் தோற்றறியாத அணி. கோடைகாலத்திலேயே ஃபுளோரிடா ஸ்டேட்டின் புதிய குவார்ட்டர்பேக் டாமி காஸ்டலனோஸ், அலபாமாவைக் காப்பாற்ற இப்போது பழைய கோச் நிக் சாபன் இல்லை, தன்னை அவர்களால் தடுக்க முடியாது என்று பேட்டி கொடுத்து வைத்திருந்தார். வாய்க்கொழுப்பு என்றார்கள். அலபாமா முதல் வாய்ப்பிலேயே நிதானமாக மைதானத்தைக் கடந்து டச்டவுன் போட்டபோது, சொன்னது சரி என்று தோன்றியது. பாதி ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் 17-7 என்று முந்தியது. முடிவில் 31-17. 230 கஜம் ஓடியே எடுத்திருந்தார்கள். மாணவர்கள் வேலி தாண்டி மைதானத்தில் இறங்கினார்கள்.

ஃபுளோரிடா ஸ்டேட் ரசிகர்களின் விவாதம் இனிப்பானது. கோச் மைக் நார்வெல் மாறிவிட்டாரா, புதிதாக வந்த கஸ் மல்ஸான் வகுத்த ஓட்டத் திட்டமா, காஸ்டலனோஸின் கால்களா? தரவரிசையிலேயே இல்லாத அணி 14-ம் இடத்துக்கு வந்தது. அதற்கடுத்த இரு எளிய அணிகளை 77-3, 66-10 என்று துவைத்தது. செப்டம்பர் கடைசியில் வர்ஜினியாவிடம் இரண்டு கூடுதல் நேரம் விளையாடித் தோற்றது. அதிலிருந்து தொடர்ந்து நான்கு தோல்விகள். சீசன் முடிந்தபோது 5 வெற்றி, 7 தோல்வி. ஆகஸ்டில் அவர்களிடம் மண்ணைக் கவ்விய அலபாமாவோ பிளே ஆஃபுக்குப் போய்விட்டது.

அதே சனிக்கிழமை இரவு எல்.எஸ்.யூ. ரசிகர்களுக்கும் ஆறு ஆண்டு ஏக்கம் தீர்ந்தது. 2019-க்குப் பிறகு முதல் ஆட்டத்தை ஜெயித்தார்கள்: நான்காம் இடத்திலிருந்த கிளெம்ஸனை அதன் ஊரிலேயே 17-10. உடனே தரவரிசையில் மூன்றாம் இடம். கோச் பிரையன் கெல்லி மேல் இருந்த கோபம் ஆறியது. பிறகு கிளெம்ஸன் யாரிடம் வேண்டுமானாலும் தோற்கும் அணி என்று தெரியவந்தது, அதனோடு எல்.எஸ்.யூ. வெற்றியின் விலையும் இறங்கியது. எட்டே வாரத்தில், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்ற மறுநாள், கெல்லிக்கு வேலை போனது. ஒப்பந்தத்தில் பாக்கியிருந்த தொகை சுமார் ஐந்தரைக் கோடி டாலர். மாநில கவர்னரே அது பற்றிப் பேசினார்.

இத்தனை பேச்சுக்கும் மேடைகள் உண்டு. தேநீர்க்கடை பெஞ்சின் வேலையை அமெரிக்கத் தெற்கில் ரேடியோ செய்கிறது. பால் ஃபைன்பாமின் தொலைபேசி நிகழ்ச்சியில் அலபாமா ரசிகர்கள் பல ஆண்டுகளாக அழுதும் சபித்தும் வருகிறார்கள். 2011 ஜனவரியில் ஒருவர் அழைத்து, பக்கத்து ஊர் எதிரியான ஆபர்னில் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடும் பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டதாகப் பெருமையடித்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2013-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரங்கள் வெட்டப்பட்டன.

இவ்வளவு வெறியையும் சுமப்பவர்களுக்கு வயது பெரும்பாலும் 18 முதல் 23. முன்பெல்லாம் ‘படிக்கிற பையன்’ என்ற தயக்கம் ரசிகர்களிடம் கொஞ்சம் இருந்தது; உதவித்தொகை தவிர வேறு சம்பளம் வாங்கக் கூடாது என்று விதியே இருந்தது. 2021 ஜூலை முதல் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு 2025-26-ல் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்றானது. அதில் பெரும்பங்கு கால்பந்துக்கு. கூடவே வேறு கல்லூரிக்குத் தாவுவதும் சுலபமாகிவிட்டது. காஸ்டலனோஸுக்கு ஃபுளோரிடா ஸ்டேட் மூன்றாவது கல்லூரி. சாயின் முதலில் சேர்ந்தது அலபாமாவில். சாபன் ஓய்வு பெற்றதும் கொலம்பஸ் வந்தவர். வீரர்களுக்குப் பணம் வந்தது நியாயம்தான். அவர்களை வைத்துப் பிறர் சம்பாதித்தது நீண்ட காலம். ஆனால் பணம் வந்ததும் தயக்கம் போயிற்று. இருபது வயதுப் பையனின் ஒரு தவறான எறிதலுக்கு, சம்பளம் வாங்குகிறாயே என்று வசவு விழுகிறது.

அந்த வாரக் கடைசியின் மிகப் பெரிய வழக்கு இன்னொரு ஊரில் துவங்கியது. ஆகஸ்ட் 31, ஞாயிறு இரவு. மயாமி பல்கலைக்கழகம் நோட்ர டேமை 27-24 என்று வென்றது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் சில நொடிகளும் இருக்கையில் உதைத்த 47 கஜ ஃபீல்டு கோல்தான் வித்தியாசம். நோட்ர டேம் அடுத்த ஆட்டத்திலும் ஒரே புள்ளியில் தோற்றது. பிறகு வரிசையாகப் பத்து ஆட்டங்களை ஜெயித்தது. மயாமி நடுவில் இரண்டு ஆட்டங்களைக் கோட்டைவிட்டது. நவம்பர் முடிவில் இரண்டுக்கும் ஒரே கணக்கு: பத்து வெற்றி, இரண்டு தோல்வி.

தேர்வுக் குழு வாராவாரம் வெளியிட்ட பட்டியலில் நோட்ர டேம்தான் மேலே இருந்தது. நேருக்கு நேர் ஜெயித்தவன் கீழே, தோற்றவன் மேலேயா என்று மயாமி ரசிகர்கள் கொதித்தார்கள். ஆகஸ்டில் நடந்ததை டிசம்பரில் பேசுவதா, இப்போது யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பாருங்கள் என்றார்கள் நோட்ர டேம்காரர்கள். இரண்டுமே நியாயமான வாதம் என்பதுதான் சங்கடம். டிசம்பர் 7 அன்று இறுதிப் பட்டியல் வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரண்டு அணிகளுமே ஆடவில்லை. ஆனாலும் இடம் மாறியிருந்தது. மயாமி பத்தாவதாக உள்ளே. நோட்ர டேம் பதினொன்றாவதாக வெளியே. கோபத்தில் நோட்ர டேம் சீசன் கடைசியில் ஆட வேண்டிய பவுல் ஆட்டமே வேண்டாமென்று வீட்டுக்குப் போய்விட்டது.

உள்ளே நுழைந்த மயாமி, டிசம்பர் 31 அன்று ஒஹையோ ஸ்டேட்டைக் கால் இறுதியில் 24-14 என்று வெளியேற்றி, இறுதி ஆட்டம் வரை போய் இண்டியானாவிடம் தோற்றது. ஒஹையோ ஸ்டேட் வழக்கமான 12 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. சாயினும் ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியல்வரை போனார். ஆனால் தோற்ற இரண்டு ஆட்டங்களில் அந்த அணி எடுத்த புள்ளிகள் 10, 14. ஆகஸ்ட் மாதமே புள்ளி எடுக்கத் திணறுகிறார்கள் என்று முனகியவர்கள் கொலம்பஸில் அந்த எண்களைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.