ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி தாத்தா ஏன் குழம்பினார்?

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுக் கதையில இருந்து தொடங்குது. தாத்தாவுக்கு மூளையில ஷன்ட் வெச்ச அன்னைக்கு ராத்திரி, அவருக்குப் பாட்டியையே அடையாளம் தெரியல. "ஆபரேஷன் சரியா நடக்கலையா?"ன்னு அம்மா அழுதாங்க.

முதல்ல நோய். மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி சுமார் 150 மில்லி நீர் இருக்கு. தினமும் அரை லிட்டர் அளவுக்குப் புதுசா ஊறும், பழசு ரத்தத்துல கலந்துடும். இந்த வடிகால் கெட்டா மூளைக்குள்ள இருக்கிற அறைகள் வீங்கும். ஆனா முதுகுல ஊசி போட்டு அளந்தா அழுத்தம் பெரும்பாலும் சரியாவே இருக்கும். அதனாலதான் 'நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபாலஸ்'னு பேர். கொலம்பியாவைச் சேர்ந்த டாக்டர் சாலமோன் ஹக்கீம், ரேமண்ட் ஆடம்ஸ் முதலானவங்க 1965-ல இதை விவரிச்சாங்க. கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி: இந்த மூணும்தான் அடையாளம். தேங்கின நீரை வயித்துக்குள்ள இறக்கிவிடுற குழாய்தான் ஷன்ட்.

இப்போ மயக்க மருந்து. செவோஃப்ளூரேன் மாதிரி மூச்சு வழியா போறது, டோஸ் ஏறினா மூளை ரத்தக்குழாயை விரிக்கும். ஊசியில போற புரோபோஃபால் மூளைக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் இறக்கும். வயசானவங்களுக்கு எதுவுமே குறைஞ்ச டோஸ்தான் தேவை. பதற்றம் தணிக்கிற மிடசோலாம், மூளைக்குள்ள புகுந்து அசிடைல்கோலினைத் தடுக்கிற ஸ்கோபோலமைன் ரெண்டும் முதியவங்களைக் குழப்பத்துல தள்ளலாம். ஏற்கெனவே முழு லோடுல ஓடுற சர்வர் மேல இன்னொரு வேலையை ஏத்துற மாதிரி.

சிக்கல் இங்கதான். ஷன்ட் வேலை செய்யுதான்னு நாம பார்க்கிறதே நடையும் நினைவும்தான். மருந்தும் தொடுறது அதே நினைவைத்தான். அதனால முதல் ராத்திரியை வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க.

அதுக்காக "மயக்க மருந்துதான்"னு சும்மாவும் இருந்துடாதீங்க. தலைவலி கூடுறது, வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்றது: எது வந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. மண்டைக்குள்ள ரத்தக் கசிவா இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையையும், தூக்க மாத்திரை உட்பட, மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. முன்னாடி எப்போவாவது குழம்பியிருந்தா அதையும் சொல்லுங்க. முடிஞ்சதும் கண்ணாடி, காது மெஷினை மாட்டிவிட்டு, தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்.

மூணாம் நாள் காலையில தாத்தா பாட்டியைப் பார்த்து, "காபி எங்க?"ன்னு கேட்டார். நடை தேற இன்னும் சில வாரம் ஆச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.