தகப்பனின் கைகளும் பிள்ளையின் மனமும்

உழைப்பது தகப்பனின் வேலை, வளர்ப்பது தாயின் வேலை என்று எமது சமூகம் பிரித்து வைத்துள்ளது. கிளினிக்கிற்கும் முன்பள்ளிக் கூட்டத்திற்கும் தாயே வருகின்றாள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் இதனை வருடக்கணக்கில் பார்த்து வருகின்றேன்.

அறிஞர்களும் முதலில் அப்படித்தான் எண்ணினர். வீடிழந்த பிள்ளைகள் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்திற்காக ஜோன் போல்பி 1951இல் எழுதிய அறிக்கையில், தகப்பன் பெரும்பாலும் தாய்க்குத் துணையாக நிற்பவரே. ஆனால் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து அவதானித்த ஷாபரும் எமர்சனும் 1964இல் வேறு விதமாகக் கூறினர். 18 மாதமாகும்போது அக்குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் தகப்பனிடமும் பிணைப்புக் கொண்டிருந்தனர். யார் பாலூட்டினார் என்பதை விட, குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் யார் முகம் கொடுத்தார் என்பதே பிணைப்பைத் தீர்மானித்தது.

எமது பெண்களுக்கு இது ஆறுதலான செய்தி. தகப்பனில்லாத பிள்ளை கெட்டுப்போகும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு நல்ல பதிலும் கூட. தூக்கி விளையாடுவது, பயந்தால் அணைப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது ஆகியவற்றை அம்மப்பாவோ மாமாவோ செய்தாலும் பிள்ளை பற்றிக்கொள்ளும். நாளாந்தம் அவர் வரவேண்டும் என்பதே முக்கியம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் விடயம் வேறு. "அப்பா வெளிநாட்டில்" என்று சொல்லி வைத்த வீடுகளை நான் அறிவேன். தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேறு கதை கேட்டு வரும். பிறகு தாயின் சொல்லையும் நம்பாது. "அப்பாவைத் தேடுகின்றோம், எங்கே என்று இன்னும் தெரியாது" என்பதைச் சிறு பிள்ளையும் தாங்கும். அவரது படத்தைக் காட்டி, அவருக்கு என்ன கறி பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று கதைக்கலாம்.

திரும்பி வந்த தகப்பன்மாருக்கும் பொறுமை வேண்டும். தடுப்பிலிருந்து வந்த ஒருவரை அவரது மூன்று வயது மகன் "மாமா" என்றே கூப்பிட்டான். தாய் வற்புறுத்தவில்லை. பின்னேரம் கிணற்றடியில் குளிக்க வார்க்கும் வேலையை மட்டும் கணவரிடம் விட்டாள். முதல் இரண்டு கிழமையும் ஒரே அழுகை. மூன்றாம் கிழமை பிள்ளையே சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனான்.

யுத்தம் முடிந்த 2009இல் முன்பள்ளி வயதில் இருந்தவர்கள் இன்று வாலிபர்கள். சிலர் தாங்களே தகப்பன்மார். தன் தகப்பனை நினைவில்லாத அப்படியொருவர் மகளை என்னிடம் விட வந்தார். "ரீச்சர், ஒரு அப்பா என்ன செய்வார் எண்டே எனக்குத் தெரியாது" என்றார்.

"உங்களை ஆர் தூக்கித் திரிஞ்சது?"

"அம்மப்பா."

"அவர் என்ன செய்தவர்?"

சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி இருத்தி வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோவாராம். இருவரும் கொக்கு எண்ணுவார்களாம்.

மகளையும் அங்கே கொண்டுபோகச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் வேண்டாம், சைக்கிளிலேயே போங்கோ, கதைக்க நேரம் கிடைக்கும் என்றேன்.