ஆற்றங்கரையில் டென்ட் போடப் போகிறீர்களா? முதலில் போனை எடுங்கள்

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஆளே இல்லாத ஆற்றங்கரை, மரத்தடியில் ஒரு டென்ட், அடுப்பில் கொதிக்கிற டீ. கீழே ‘லொகேஷன் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க’ என்று ஒரு வரி. மெசேஜ் பண்ணினால் லொகேஷன் கிடைத்துவிடும். ஆனால் அந்த இடம் யாருடையது, அங்கே இரவு தங்கலாமா, ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு எந்த மட்டத்தில் ஓடும் என்பதெல்லாம் அதில் இருக்காது. இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே உங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடம் யாருடையது?

நம் ஊரில் ஆற்றங்கரை என்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: காடு, புறம்போக்கு, பட்டா நிலம்.

அமைதியான இடம் என்று நாம் தேடுவது முக்கால்வாசி காடுதான். மாயாற்றங்கரை முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் வருகிறது. தாமிரபரணியின் மேல்பகுதி களக்காடு முண்டந்துறையில். ஒகேனக்கலைச் சுற்றியுள்ள காவிரிக் காடுகளில் 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என இரண்டு வனவிலங்கு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் போவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது. டென்ட் போட வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே நுழைந்தாலே வழக்குதான். ‘கேட், செக்போஸ்ட் எதுவும் இல்லையே, யாரும் தடுக்கலையே’ என்பது பதிலாகாது.

இது வெறும் அபராத விஷயமும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. உள்ளே யார் போயிருக்கிறார்கள், எத்தனை பேர், எந்தப் பாதையில் என்று வனத்துறைக்குத் தெரியாவிட்டால் தேடி வருவதே தாமதமாகும். அனுமதிச் சீட்டின் உண்மையான பயன் அங்கேதான்.

கூகுள் மேப்பில் பச்சையாகத் தெரிவதுதான் காடு, மற்றது இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சை சட்டப்படியான எல்லை அல்ல. அதற்குப் பதிலாக டி.என்.ஜி.ஐ.எஸ். தளத்தில் உள்ள ‘தமிழ்நிலம்’ வரைபடத்தைத் திறந்து, நீங்கள் நினைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இ-சேவைத் தளத்துக்குப் போனால் அ-பதிவேட்டையும், அது புறம்போக்கா என்பதையும் பார்க்கலாம். நிலம் வாங்குகிறவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய வசதி இல்லை இது. காட்டை ஒட்டிய இடம் என்று சந்தேகம் இருந்தால் அந்த வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பட்டா நிலம் என்றால் வழி எளிது, உடையவரைக் கேட்க வேண்டும். தோப்பும் ஆறும் சேர்ந்த இடங்களில், ‘ராத்திரி தங்கிட்டுக் காலையில போயிடுறோம்ங்க’ என்று முறையாகக் கேட்டால் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு முகாம் நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பணம் அனுப்புவதற்கு முன் பதிவுச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

அனுமதியோடு காட்டில் தங்க

ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்று, வனத்துறையே ஆற்றங்கரை இடங்களை நடத்துகிறது. கோவை மாவட்டம் காரமடை வனச்சரகத்தில், பில்லூர் அணை நீர்த்தேக்கத்தை ஒட்டிய பரளிக்காடு ஒரு நல்ல உதாரணம். பரிசல் சவாரி, பழங்குடிப் பெண்கள் சமைத்த சாப்பாடு என்று பகல் சுற்றுலா அது. இரவு தங்க வேண்டுமென்றால் அதே பகுதியில் பவானி ஆற்றங்கரையில் பூச்சமரத்தூர் இருக்கிறது. டென்ட் இல்லை, அறைதான். ஆனால் ராத்திரி காதில் விழுவது ஆற்றுச் சத்தம் மட்டும். கோவை வனக்கோட்டத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நடக்கவும் ஆசை என்றால் 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் உள்ளன. வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் திட்டமிடும்போது தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதையும் மறக்க வேண்டாம்.

வானம் தெளிவாக இருந்தாலும் ஆறு ஏறும்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நம் ஆறுகள் பலவற்றின் தலைக்கு மேல் அணை இருக்கிறது. பில்லூர் மின் உற்பத்தி அணை. மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறக்கும்போது கீழே பவானியின் மட்டம் சட்டென்று உயரும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளி மழை பெய்திருக்காது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய் உட்கார்ந்த பாறை கொஞ்ச நேரத்தில் தீவாகிவிடும்.

காவிரியில் கர்நாடக அணைகளில் திறக்கிற தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக வருகிறது. செய்தியில் ‘வினாடிக்கு 10,000 கனஅடி’ என்று கேட்டால் சும்மா கடந்துவிடாதீர்கள். ஒரு கனஅடி சுமார் 28 லிட்டர். அதாவது ஒவ்வொரு வினாடியும் 2.8 லட்சம் லிட்டர். மத்திய நீர் ஆணையத்தின் ‘ஃப்ளட்வாட்ச் இந்தியா’ செயலியில் நீர்மட்டங்களைப் பார்க்கலாம். மாநில அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலியில் வானிலை எச்சரிக்கை வரும். கிளம்பும் அன்று காலையில் இரண்டையும் பாருங்கள், முந்தின வாரம் பார்த்தது உதவாது.

போன இடத்தில் சிக்னல் இருக்காது. அப்போது ஆற்றங்கரையே சொல்லும். மரக்கிளைகளில் குப்பை, காய்ந்த புல், பிளாஸ்டிக் பை எந்த உயரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். முந்தின வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. படுக்கை அதற்கு மேலேதான். மணல்திட்டும் ஆற்றின் நடுப்பாறையும் போட்டோவுக்கு அழகு, தூங்குவதற்கு வேண்டவே வேண்டாம். சாயங்காலமே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சி நனைந்து தண்ணீர் அதைத் தாண்டினால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

யானை தண்ணீருக்கு வரும் தடம் கரையில் அகலமாக, சாணத்தோடு தெரியும். அங்கே தங்க வேண்டாம். காவிரியிலும் மாயாற்றிலும் முதலை உண்டு, இருட்டில் பாத்திரம் கழுவக்கூட விளிம்புக்குப் போகாதீர்கள்.

கிளம்பும் முன்

அந்தப் பகுதி வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று புள்ளி காட்டும். தங்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், கூட வருகிறவர்களின் பெயர்கள், வண்டி எண், திரும்பி வரும் நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ‘ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள போன் வரலைன்னா 112-க்குக் கூப்பிடுங்க’ என்று அவரிடம் சொல்லி வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த எண்களை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொண்டால், போன் சார்ஜ் தீர்ந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர் போனிலிருந்து கூப்பிடலாம்.