அழைத்தலும் அனுப்புதலும்

மந்திரவாதி ஒருவன் கையை உயர்த்திச் சில சொற்களை உச்சரிக்கின்றான். வெறுவெளியிலே பூதமொன்று தோன்றி அவனுக்காகப் போர் புரிகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளைஞர் கைத்தொலைபேசியில் ஆடி மகிழும் கற்பனை விளையாட்டுகளில் இது சாதாரணக் காட்சி. அவ்வகை விளையாட்டுகள் பலவற்றுக்கு முன்னோடியாக 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதன் விதிநூல்கள் இம்மந்திரத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தன. சொல்லும், கைச்செய்கையும், சில பொருள்களும் வேண்டும். வந்த பூதம் குறித்த காலமே தங்கும். இதை மேனாட்டாரின் புதுக் கற்பனை என எண்ணுவோர், வெள்ளவத்தைக் கடலோரமாகத் தெற்கே ஓடும் புகையிரதப் பாதை வழியே அம்பலாங்கொடை வரை மனத்தாற் சென்று வருதல் நன்று. அப்பகுதிச் சிங்களக் கிராமங்களில் ‘தொவில்’ என்னும் சடங்கு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அங்கே பூதத்தை அழைப்பது போருக்கன்று; நோய் நீக்குவதற்கே.

தொவில்களுள் ஒன்று ‘சன்னி யக்கும’. 18 சன்னிப் பேய்களை அழைத்து, உபசரித்து, அனுப்பிவைக்கும் சடங்கு அது. சன்னி என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. சித்த வைத்தியரும் நம் பாட்டிமாரும் கூறும் சன்னியே அது. நோயாளியைச் சிங்களத்தில் ‘ஆதுரயா’ என்பர். சோழர் கல்வெட்டில் வரும் ஆதுலர் சாலையை இச்சொல் நினைவூட்டும். தனியே நின்று அஞ்சியவன்மீது பேயின் ‘திஷ்டி’, அதாவது பார்வை, விழுந்துவிடுகின்றது என்பது அவர்களது நம்பிக்கை. அந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயரிலும் நம் ‘தனிமை’யை ஒத்த சொல்லே ஒலிக்கின்றது.

அழைத்தவுடன் பேய் ஏன் வரவேண்டும்? வந்தது ஏன் போகவேண்டும்? முழுச் சடங்கும் இவ்வினாக்களைச் சுற்றியே அமைந்தது. பேயும் சட்டத்துக்கு உட்பட்டது என்பதே விடை. பேய்களுக்கு அரசன் வெசமுனி. நாம் குபேரன் என அறிந்த வைசிரவணனே அவன். அவனுக்கும் மேலாகப் புத்தரின் ஆணை உண்டு. நோய் தருவதற்குப் பேய்களுக்கு அனுமதி உண்டு. காணிக்கை பெற்றால் விலகிப்போக வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. சன்னிகளின் தலைவனாகிய கோலசன்னியனின் பிறப்புக் கதை கொடியது. குற்றமற்ற தாயை அரசன் கொல்வித்தபின் பிறந்த மகன், நஞ்சுருண்டைகளிலிருந்து 18 பேய்களை உண்டாக்கி, விசாலை நகரை அழிக்கப் புறப்பட்டான். புத்தர் அவனை அடக்கினார் என்பர். ஆடுரன் எனப்படும் பேயோட்டி, பேயின் இவ்வரலாற்றை அதனிடமே ஓதுகின்றான். பேய்க்கு அதன் கடமையை நினைவூட்டுகின்றான் எனலாம். அவன் பேயின் எசமானன் அல்லன். நீதிமன்றத்திலே சட்டப்பிரிவை எடுத்துக்காட்டும் வழக்கறிஞனைப் போன்றவன்.

சொல்லின் வகையைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர், இலங்கைத் தமிழறிஞரும் மானிடவியற் பேராசிரியருமான ஸ்டான்லி ஜெயராஜ தம்பையா. மந்திரச் சொற்களின் ஆற்றல் பற்றிய அவரது கட்டுரை 1968இல் வெளிவந்தது. ஒரே சடங்கில் மூவகை மொழி கையாளப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். பேய்க்குரிய மந்திரம் வடமொழி, பாளி, சிங்களம், தமிழ் முதலியன விரவிய கலவை. கேட்போருக்குப் பொருள் விளங்காது. ‘கன்னலவ்வ’ என்னும் வேண்டுகோள் உரைநடையில் வரும். ‘கவி’ யாவருக்கும் விளங்கும் பாட்டாகும். விளங்காத சொல் பேயை ஏவுகின்றது. விளங்கும் சொல் நோயாளியைத் தேற்றுகின்றது.

அந்தி, நள்ளிரவு, விடியல் என மூன்று சாமங்களாகச் சடங்கு நடைபெறும். பறை முழங்கும், பந்தத்தில் குங்கிலியப்பொடி வீசத் தீ மேலெழும், குருத்தோலையால் அழகுசெய்த தட்டுகளிலே படையல் காத்திருக்கும். பேய்கள் முகமூடியுடன் ஒவ்வொன்றாக வருகின்றன. வரும்போது உறுமல், சிறிது நேரத்தில் பறையடிப்பவன் அவற்றை வாய்ப்பேச்சில் மடக்கிவிடுகின்றான். செவிட்டுச் சன்னி கேட்டதையெல்லாம் தவறாக விளங்கிக்கொள்கின்றது. நொண்டிச் சன்னி நடக்கத் தடுமாறுகின்றது. கூட்டம் சிரிக்கின்றது. நோயாளியும் சிரித்தால் பாதி வெற்றி கிடைத்தாயிற்று.

இவ்வரிசையிலே ‘தெமள சன்னிய’ என்றொரு பேயுமுண்டு. தமிழ்ச் சன்னி என்பது அதன் பொருள். கெட்ட கனவுகளைத் தருவது அதன் தொழிலாம். 1958ஐயும் 1983ஐயும் மறவாத வெள்ளவத்தைவாசிகளுக்கு இப்பெயர் உறுத்துமென்றால் வியப்பில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. முன்னிரவிலே பேயைக் கட்டும் மந்திரத்திலும் தமிழ் இருக்கின்றது. பின்னர் நகைப்புக்குரிய வேடத்திலும் தமிழ் இருக்கின்றது. அயலானின் மொழிக்கு அஞ்சியதும், அதில் ஆற்றலைக் கண்டதும், அதைக் கேலி செய்ததும் ஒரே கிராமந்தான். அஞ்சியதைக் கேலி செய்து, காணிக்கையும் கொடுத்து அனுப்பும் வழக்கம், அயலானை அடித்து விரட்டும் வழக்கத்தினும் எவ்வளவோ மேலானது.

காய்ச்சலுக்கு வைத்தியசாலையே தக்க இடம், அதில் ஐயமில்லை. ஆனால் அச்சத்தாலும் தனிமையாலும் வாடியவனைச் சூழ்ந்து உற்றாரும் அயலாரும் ஓரிரவு முழுவதும் விழித்திருத்தல் சிறிய மருந்தன்று. சடங்கின் நகைச்சுவையே நோயாளியை மற்றவரோடு மீண்டும் இணைக்கின்றது என்பதைப் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார்.

இம்முகமூடிகளை நேரிற் காண விரும்பும் நேயர்கள் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலேயே முகமூடிகள் காட்சிக்கு உள்ளன. கோலசன்னியனின் முகமூடி மற்றவற்றினும் பெரியது. நடுவிலுள்ள முகத்தின் இருமருங்கிலும் அவன் பரிவாரத்தின் சிறு முகங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். சடங்கில் அவன் வருவது எல்லாருக்கும் கடைசியில், விடியும் வேளையில். அவனும் காணிக்கையைப் பெற்றுக்கொண்டு போய்விடவேண்டும்.