ஒடியற் பானை

மன்னார்த் தீவில் எங்கள் வளவிலே பனம்பாத்தி கிண்டும் காலம் வந்துவிட்டால் ஆச்சிக்கு ஓய்வென்பதே கிடையாது. உரித்த கிழங்கை நெடுகப் பிளந்து, பச்சையாகவே வெயிலில் உலர்த்தினால் அது ஒடியல். மாவாக இடித்துக் கூழும் பிட்டும் ஆக்கலாம். அவித்து உலர்த்தினாலோ புழுக்கொடியல், அடுப்பின்றியே தின்னலாம். முறித்தால் 'படக்'கென்று ஒடியாத துண்டை ஆச்சி பானையில் இடமாட்டார். ஈரமுள்ள ஒன்று மற்றவற்றையும் பூஞ்சணம் பிடிக்கச் செய்துவிடும் அன்றோ?

"இரண்டுக்கும் தனித்தனிப் பானை ஏன், ஆச்சி?" என்று சிறுவனாகிய நான் கேட்டதுண்டு.

"ஒன்று வீட்டுக்கு; மற்றது வழிக்கு" என்பார்.

1990இல் போருக்கு அஞ்சி, இராமேசுவரம் நோக்கிப் படகேறிய இரவில்தான் அதன் பொருள் விளங்கிற்று. நெருப்பில்லை, குடிநீரும் அரிது. ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மாசி வெயிலில் காய்ந்த கிழங்கே நடுக்கடலில் எங்களுக்கு உணவாயிற்று.