சென்னையிலிருந்து தேடிய தொலைதூரக் கோள்



ஆகஸ்டு மாதத்தில், மேகமற்ற ஓர் இரவில், எட்டு மணியளவில் காரைக்கால் கடற்கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சி வானை ஒட்டிப் பாம்பாட்டி விண்மீன் கூட்டம் விரிந்திருக்கும். அதன் ஒளிமிக்க விண்மீனுக்கு ராஸல்ஹேக் என்று பெயர். 'பாம்பாட்டியின் தலை' என்னும் பொருளுடைய அரபுச் சொற்றொடரே மேலைநாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது.

அதே கூட்டத்தில் '70 ஓஃபியூக்கி' என்னும் மங்கலான விண்மீன் ஒன்றுண்டு. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகின்றன. இன்று அங்கிருந்து புறப்படும் ஒளி, இன்று பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில்தான் நம்மை வந்தடையும். அவ்வளவு தொலைவு!

இவ்விண்மீனுக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்புண்டு. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. இதே கரையோரத்தின் வடக்கே, சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் இயங்கி வந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப், இவ்விரட்டை விண்மீனின் பாதை கணக்கோடு பொருந்தாததைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அதனை அசைக்கக்கூடும் என்று 1855 ஆம் ஆண்டில் எழுதினார். சூரியனுக்கு அப்பால் கோள் உண்டென அளவைகளைக் கொண்டு கூறிய மிகப் பழைய அறிவிப்புகளுள் இதுவும் ஒன்று.

குழந்தையின் கைகளைப் பற்றிச் சுழற்றும் தந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? குழந்தை பெரிய வட்டமிடும். தந்தையின் உடலும் சற்றே அசையும். குழந்தையை இருள் மறைத்தாலும், தந்தையின் அசைவே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜேக்கப் தேடியது அத்தகைய அசைவைத்தான்.

ஆயினும் அவர் கூறிய கோள் அங்கில்லை. பின்னர் அமெரிக்காவிலும் ஒருவர் அதே விண்மீனுக்குத் துணையுண்டு என்றார். அத்தகைய துணை அங்கு நிலைத்திருக்க இயலாது என்று 1899 இல் மோல்டன் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அளவைகளில் நேர்ந்த சிறு பிழைகளே கோளாகத் தோற்றம் தந்தன.

அப்படியானால் ஜேக்கப்பின் உழைப்பு வீணா? இல்லை. அவருடைய அளவை பிழைத்தது, வழி பிழைக்கவில்லை. 1995 இல் மேயர், குவெலோ என்னும் சுவிஸ் அறிஞர் இருவர், '51 பெகாசி' என்னும் விண்மீனின் அசைவை அதன் ஒளியைப் பகுத்து அளந்து, நான்கே நாட்களில் அதனைச் சுற்றிவரும் கோளைக் கண்டனர். அதற்காக 2019 இல் நோபல் பரிசும் பெற்றனர். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அறிஞர்கள், மவுண்ட் அபு மலையிலிருந்து ஒரு விண்மீனின் அசைவை அளந்து, சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோளின் எடையை 2018 இல் அறிவித்தனர். 2025 ஆம் ஆண்டுக்குள் உறுதிசெய்யப்பட்ட இத்தகைய கோள்கள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன.

ஜேக்கப் 'உறுதி' என்று முழங்கவில்லை. 'பெரிதும் கூடும்' என்றே எழுதினார். பிறர் சரிபார்க்கத் தம் அளவைகளையும் முன்வைத்தார். கேட்ட செய்தியை ஆராயாமல் மறு வீட்டுக்குக் கடத்தும் நமக்கு இதில் பாடம் உண்டு.

உங்கள் பிள்ளை வானத்தைக் காட்டி ஏதேனும் கேட்டு, தானே தவறான விடையும் சொன்னால், கடிந்து அடக்காதீர்கள். "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அறிவு அங்கேதான் தொடங்குகிறது.