ஆயரும் ஒரு தந்தைதான்



திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி என்றால் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். அந்த ஹீபர் யார் என்று கேட்டால்தான் பதில் வராது.

ரெஜினால்டு ஹீபர் 1783இல் இங்கிலாந்தில் பிறந்த ஆங்கிலிக்கன் ஆயர். அந்தச் சபையில் குருக்களும் ஆயர்களும் மணம் முடிப்பார்கள். இவர் மனைவி அமேலியாவே ஒரு ஆயரின் பேத்தி. பாட்டனார் ஜோனதன் ஷிப்லி, அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் உற்ற நண்பர். 1771இல் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றை எழுதத் தொடங்கியதே ஷிப்லியின் வீட்டில்தான். ஷிப்லியின் மகளும் கணவர் வில்லியம் ஜோன்சுடன் கல்கத்தாவில் வாழ்ந்தவர். ஆக, அமேலியாவுக்கு அத்தை இருந்த ஊர் அது.

ஆனாலும் கல்கத்தா ஆயர் பதவி தேடி வந்தபோது ஹீபர் முதலில் மறுத்துவிட்டார். 1818இல் முதல் மகளைப் பச்சிளம் குழந்தையாகவே அடக்கம் செய்தவர் அவர். அடுத்து பிறந்த எமிலியை இந்த வெயிலுக்குக் கொண்டுவர எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? பிறகு மனம் மாறி, 1823இல் குடும்பத்தோடு கப்பலேறினார். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்து அன்று ஒரே மறைமாவட்டம்!

1824இல் வட இந்தியப் பயணம் புறப்பட்டபோது, கைக்குழந்தை ஹேரியட்டோடு அமேலியா வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. வழியெல்லாம் கண்டதை மனைவிக்காக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போனார் ஹீபர். ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு, திருப்பூரில் ஷிப்ட் முடிந்ததும் போனை எடுப்பவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும்.

1826இல் தெற்கே வந்தபோதும் குடும்பம் கல்கத்தாவில்தான். தஞ்சையில் உயிர்ப்பு ஞாயிறைக் கொண்டாடினார். தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே ஆசீர் வழங்கினார்; அதற்காகவே அச்சொற்களைக் கற்றிருந்தார். ஏப்ரல் 2, ஞாயிறு, திருச்சியில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு உறுதிபூசுதல். மறுநாள் விடியற்காலையில் கோட்டைப் பகுதியில் தமிழ்ச் சபையாரைச் சந்தித்துத் திரும்பினார். வெயில் களைப்போடு குளிக்கச் சென்றவர் வெகுநேரமாகியும் வரவில்லை. பணியாள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. வயது 42.

மூவொரு இறைவனை மும்முறை தூயவர் எனப் போற்றும் 'ஹோலி, ஹோலி, ஹோலி' பாடல் உலகெங்கும், நம் கத்தோலிக்க ஆலயங்களிலும் ஒலிக்கிறது. அதை எழுதியவர் இவர்தான். ஹாட்நெட் என்ற கிராமத்தில் பங்குப் பணியாளராக இருந்தபோது எழுதியது. அச்சில் அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தந்தி இல்லாத காலம். திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் முடிந்து பல நாள் கழித்தே அமேலியாவுக்குச் செய்தி எட்டியது. இரு மகள்களோடு அவர் இங்கிலாந்து திரும்பினார். தமக்காகக் கணவர் எழுதிய அந்த நாட்குறிப்பை 1828இல் நூலாக வெளியிட்டார்.